கடையின் பெயரில் ஒரு பாட்டு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். சமூகவியல் எடுக்கிறேன். ஒருநாள் கயிற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிறு. இந்த நிறம் என்றால் இந்தச் சாதி. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அதனால் பாடத்தை விட்டுவிட்டு, பள்ளியில் படிக்கும்போது கேட்ட ஒரு ராப் பாட்டைச் சொன்னேன். கயிற்றைத் திட்டிப் பாடிய பாட்டு. முழுசாக நினைவில்லை. இரண்டு வரி மட்டும் இருந்தது.

எங்கம்மா நட்ட நாத்து என்ன சாதி நெல்லு?
பொங்கித் தின்னுட்டு, கை கழுவிட்டு, பொறவு வந்து சொல்லு.

பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஆளாளுக்குச் செல்போனில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டார்கள், அதற்கடுத்த வாரமும் கேட்டார்கள். அப்புறம் ஒருநாள் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கையில் கடைசிப் பெஞ்சிலிருந்து கேட்டது: "சார் இட்டுக்கட்டுதாருலே."

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வண்ணார்பேட்டையில் என் அறைக்கு வந்த பிறகுதான் அது உறுத்தியது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அதனாலோ என்னவோ, எதைச் சொன்னாலும் அதைச் சொன்ன வேறொருவரைப் பின்னால் நிறுத்திக்கொள்வேன். இன்னார் எழுதியிருக்கிறார், இன்ன ஆய்வில் வந்திருக்கிறது. அந்த இரண்டு வரியையும் அப்படித்தான் வைத்திருந்தேன். முதல் முறை நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, எதிரே இருந்தவர் ஊரைக் கேட்டுவிட்டு, ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். மனசுக்குள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே பதில் சொன்னேன். எவனோ முகம் தெரியாத ஒருவன் எனக்காகப் பாடி வைத்திருக்கிறான் என்பது பெரிய துணை. அப்படி ஒருவன் இல்லை என்றால்?

பாட்டு வந்த வழி எனக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு ஒரு சேக்காளி இருந்தான். அவன் கயிறு வேறு நிறம், என்னுடையது வேறு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உட்கார முடியாது. சாயங்காலம் பஸ்ஸில் மற்ற பையன்கள் இறங்குவதற்கு மூன்று நிறுத்தம் ஆகும். அவர்கள் இறங்கியதும் அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருவான். ஹெட்போனில் ஆளுக்கு ஒரு காது. அவனுடைய அப்பா டவுனை அடுத்த பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் மெமரி கார்டில் புதுப்பாட்டு ஏற்றிக் கொண்டுவருவார். இந்தப் பாட்டு ஓடும்போது திரையில் பாடியவர் பெயர் வரும். அந்தப் பெயரைப் போட்டுத்தான் இத்தனை வருஷமும் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பேட்டையில் ஒரு செல்போன் கடையும், அது திறக்கும் நேரமும்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்கே போய்விட்டேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுத்த காலம் போய், இப்போது அங்கே போன் உறையும் சார்ஜருமாகத் தொங்குகின்றன. கடைக்காரப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். பாடினவன் பேரு என்ன என்று கேட்டார். உங்க கடைப் பேருதான் பாய் போட்டிருந்தது என்றேன். அவர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாப் பாட்டுலயும் நம்ம கடைப் பேரத்தாம்வே போட்டு உடுவோம். வெளம்பரம்லா. நான் பாடுனா எங்க வீட்டுலயே கதவச் சாத்திருவாவ."

ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அவர் தூக்கிப் போட்டிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எனக்குத் தெரிந்த தாளம் வந்ததும் நிறுத்தினோம். யார் பாடியது என்று அவருக்கும் தெரியவில்லை. காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் கொண்டுவந்து கொடுத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஏற்றிவிடுங்கள் பாய் என்று சொல்லிப் போனதாக மட்டும் சொன்னார்.

என் போனில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். என் மனசில் இருந்ததைவிடச் சின்னப் பாட்டு. நடுவில் ஒருவன் இருமுகிறான். கையில கட்டுன கயிறு என்ன கலரு, கீறுனா வார ரத்தம் என்ன கலரு என்று, யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. நெல்லு வரிக்காகக் காத்திருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது. மறுபடி போட்டேன். வண்ணார்பேட்டையில் இறங்குவதற்குள் நாலைந்து தடவை கேட்டிருப்பேன். அந்த வரி அதில் இல்லை.

அப்படியானால் அது சேக்காளி சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் நாங்களே எதையாவது சேர்த்துப் பாடுவது உண்டு. துடுக்காகப் பேசுகிறவன் அவன், நான் கேட்டுக்கொண்டிருக்கிறவன். அவன் இப்போது சவுதியில் வெல்டர். பேசி வருஷக்கணக்காகிறது. சண்டை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட பஸ் பயணம் நின்றதோடு பேச்சும் நின்றது. பாட்டை அனுப்பி, அந்த வரி உன்னுடையதா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் குரல்செய்தி வந்தது. பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"ஏலே, எங்கனலே புடிச்ச இத? அந்த இருமல் அப்டியே இருக்கு. நெல்லு வரியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லலே. எங்கப்பா பட்டறையில கெடந்தவரு, எங்கம்மா வயக்காட்டுல கால வச்சதே கெடையாது. நாத்து நட்டது ஒங்கம்மைலா. நீதாம்லே சொல்லிருப்ப. சரி, வேலை கெடக்கு. வைக்கட்டா?"

அதைப் பலமுறை கேட்டேன். அவன் சொல்வது நியாயம்தான். பஸ் ஜன்னல், வாய்க்கால் ஓரத்து வாழை, அவன் தொடையில் தாளம் போட்ட விரல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. நான் அதைச் சொன்ன குரல் மட்டும் வரவில்லை. அதைக் கேட்டிருக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான், அவனுக்கும் நினைவில்லை. இத்தனை நாள் எனக்குத் துணையாக நின்றவன் என்று நான் நினைத்த அந்த முகம் தெரியாத ஆள் அறையை விட்டுப் போய்விட்டது போலிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் பாட்டைப் போட்டேன். முடிந்ததும், நெல்லு வரி வரவில்லையே சார் என்றாள் முன்பெஞ்சுப் பெண். இன்னார் எழுதியது என்று சொல்ல வாய் தானாகவே ஒரு பெயரைத் தேடியது.

"அது பாட்டுல இல்லம்மா," என்றேன். "நான் சொன்னது."

யாரும் சிரிக்கவில்லை. அப்போ மீதியையும் சொல்லுங்க சார் என்றான் கடைசிப் பெஞ்சுக்காரன். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டான். மீதி கிடையாது, இரண்டே வரிதான் என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவை எடுத்தேன்.