டாலருக்குள் மூன்று குடித்தனம்

செல்லூர் ராதாமணிக்குக் குக்கர் விசில் பயம், தந்தி பயம், தந்தி குறைந்த பிறகு போன் மணி பயம். எந்தப் பயமும் இல்லாத நேரத்தில், எதையோ மறந்துவிட்டோமோ என்று பயம். இத்தனை பயங்களுக்கும் தலைமை அலுவலகம் அவர் கழுத்தில் தொங்கியது: பாக்கு அளவில், மூடி திறக்கிற தங்க டாலர்.

அதற்குள் முதலில் குடியிருந்தது மந்திரித்த செப்புத் தகடு. இடிச் சத்தத்துக்குப் பயந்த குழந்தைக்கு அம்மா வைத்தது. இடி நின்றபாடில்லை. கல்யாணமானதும் தகடு போய், கணவர் சீதாராமனின் போட்டோ வந்தது. வட்டத்துக்குள் அடங்கவேண்டி அவருடைய காதுகள் இரண்டையும் வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யார் கூப்பிட்டாலும் மனிதருக்குக் கேட்பதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ராதாமணிக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் ஒரு பொடி மாத்திரை தந்தார். "வலிச்சா நாக்குக்கு அடியில வைங்க. எப்பவும் கைக்கெட்டுற இடத்துல இருக்கணும்." சீதாராமன் வெளியேற, மாத்திரை குடியேறியது.

இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்கு நகை இரவல் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது என்பது அந்தச் சந்தின் சட்டம். இரவல் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம்.

"அக்கா, ஆட்டோ நிக்குது. அந்த டாலர் செயினைக் கழட்டு. மாப்ள வீட்டுக்காரங்க கண்ணு பூராம் கழுத்துலதான் இருக்கும்."

மறுக்கப் பயந்து கழற்றிக் கொடுத்தார், உள்ளே இருப்பதை மறந்து.

மண்டபத்தில் மேளம் முழங்கியபோது நெஞ்சு பிடித்தது. வலி இடது தோள்வரை இறுகியது. பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. வெறும் கழுத்து. மாத்திரை மேடையில், மணப்பெண்ணின் மார்பில், வீடியோ வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. சீதாராமன் டிபன் பந்தியில். கூப்பிட்டுப் பயனில்லை.

சொன்னால் ஜெயக்கொடியின் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர். வியர்வை கண்ணில் இறங்க, அட்சதை போடப் போகிறவர் போல ராதாமணி மேடையேறினார். நகையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, விரலால் மூடியை நெம்பி, மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா ராக்கம்மாள் பார்த்துவிட்டார்.

"என்ன மாத்தர அது? பொண்ணு கழுத்துல எதுக்கு மாத்தர? என்ன சீக்கு இவளுக்கு? தாலியை நிப்பாட்டுங்கப்பா!"

மேளம் நின்றது. ஜெயக்கொடி முகத்தில் ரத்தமே இல்லை. மணப்பெண் விசும்பினாள். மண்டபமே தன்னைப் பார்க்க, ராதாமணிக்கு நெஞ்சுவலியைவிடப் பெரிய பயம் பிடித்தது. வாயைத் திறந்தார்.

"என்னுது," என்றார் குழறலாக. "சீக்கும் என்னுது. டாலரும் என்னுது."

இரவல் சட்டம் உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ராக்கம்மாள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"எரவலா? அம்புட்டுத்தானா? அடியாத்தி, பயந்தே போனேன். அடிங்கப்பா மேளத்தை!" சொல்லிக்கொண்டே தன் கழுத்துக் காசுமாலையை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகளின் வளைகாப்புக்கு ஜெயக்கொடி மறுபடி வந்தார். "அக்கா, டாலரைக் குடு. மாத்தரைய மட்டும் முந்தானையில முடிஞ்சுக்க."

ராதாமணி கொடுத்தார்; மறுக்கப் பயம். புதிதாக வைத்திருந்த மாத்திரையை உள்ளேயே விட்டுவைத்தார். முந்தானையில் முடிந்தால் நனைந்துவிடுமோ என்று பயம். வளைகாப்பு முடியும்வரை பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தார், ஒரு கையை அவள் கழுத்துப் பக்கமே வைத்தபடி.