ஹன்னாவில் தொடங்கும் சரம்

என் கணவர் வில்ஃப் பிர்க்கன்ராய்ட் முப்பத்தொரு வருடம் ஹாலிஃபாக்ஸ் சாலையில் பேருந்து ஓட்டியவர். பனி உறைந்த இறக்கத்தில், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட அவருக்குக் கை நடுங்கியதில்லை. அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது ஒரே ஒரு கோடையில்தான், ஒரு கடிதத்தால்.

பிர்க்கன்ராய்ட் என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர். பிர்ச் மரங்களை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். பள்ளத்தாக்கின் மேட்டில் அந்த நிலமும் ஒரு பண்ணைவீடும் இருந்தன. எழுநூறு வருடங்களுக்கு முன் அங்கே குடியிருந்தவனை, வரிக்குப் பேர் எழுத வந்தவர்கள் இடத்தை வைத்தே எழுதிக்கொண்டார்கள். அவன் பிள்ளைகள் கீழே இறங்கி வந்தபோது பெயரும் கூடவே இறங்கியது. இப்போது மேலே மிச்சம் இரண்டு சுவரும் ஒரு மரக்கதவும்தான். கீழே, எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீடு பிர்க்கன்ராய்ட்.

அதனால் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. அப்பா, தாத்தா பெயர்களைச் சரமாகக் கோத்துச் சொல்வார்கள். வில்ஃபின் சரம், "ஹன்னாவோட சாமோட ஜோவோட வில்ஃப்." செப்டம்பர் முதல் ஞாயிறு பிர்க்கன்ராய்டுகள் எல்லாரும் மேட்டுக்கு ஏறுவோம். கதவடியில் நின்று, அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் சரத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். பெண்டாட்டிமார் சும்மா பின்னால் போவோம்.

அந்தக் கூட்டத்துக்கு வில்ஃப்தான் செயலாளர். ஓய்வு நாட்களையெல்லாம் பதிவேடுகளில் செலவழித்து வம்ச வரைபடம் போட்டார். அதில் ஒரே ஒரு கட்டம் காலி. அவருடைய கொள்ளுப்பாட்டி ஹன்னாவின் கணவன். மாதா கோயில் பதிவேட்டில் அந்த வருடப் பக்கங்கள் வெள்ளத்தில் ஊறிப்போயிருந்தன. "கல்குவாரில செத்திருப்பான் பாவம்," என்று சொல்லி, பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

மரபணுச் சோதனை என்ற பேச்சை எடுத்தவர் க்ளிஃபோர்ட், கூட்டத்தின் தலைவர், பழைய கசாப்புக் கடைக்காரர். அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் அடையாளத்தை வைத்து, நாம் எல்லாரும் மேட்டில் குடியிருந்த அந்த ஒரே ஆளின் வழிதானா என்று பார்த்துவிடலாம் என்றார். ஆறு ஆண்கள் கன்னத்துக்குள் பஞ்சைத் தேய்த்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து வில்ஃப் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலடியில் நிற்பார்.

"வில்ஃப், டீ ஆறுது."

"நான் இல்லன்னு வந்துட்டா, மேவிஸ்?"

"என்ன இல்லன்னு?"

"பிர்க்கன்ராய்ட் இல்லன்னு. இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கே இந்தப் பேரோட கதைய நாந்தானே சொல்லிட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. ஐந்து பேருக்கு ஒரே அடையாளம். ஆறாவது வேறு. ஆறாவது அவர்.

கடிதம் செயலாளர் பெயருக்குத்தான் வந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. "இன்னும் வரலன்னு சொல்லிடேன்," என்றேன். அவர் அந்த நாலு நாளும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

ஞாயிறன்று கதவடியில் அவர் முறை வந்தது. சரத்தைச் சொன்னார். உள்ளே போகாமல் கடிதத்தைப் பிரித்து நடுங்கும் கையோடு வாசித்தார். "நான் உங்க ஆளு இல்ல. செயலாளரா வேற ஒருத்தரப் போட்டுக்குங்க."

க்ளிஃபோர்ட் கதவைப் பிடித்தபடியே பார்த்தார். "இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு மலை ஏறுன? நான் உனக்கு நெஞ்சுவலியோன்னு பயந்துட்டேன்."

"க்ளிஃப், விளையாடாத."

"யாருப்பா விளையாடுறது? எங்க எல்லார் சரமும் ஆம்பள பேர்ல ஆரம்பிக்குது. உன்னோடது மட்டும் ஹன்னால ஆரம்பிக்குது. ஏன்னு நீ யோசிச்சதே இல்லயா?"

"அவ விதவை."

"விதவைன்னா செத்தவன் பேரத்தான் சொல்லியிருப்பாங்க. அவளுக்குக் கல்யாணமே ஆகல, வில்ஃப். அவ இந்தப் பண்ணையிலயே பொறந்தவ. அவ குடும்பப் பேரத்தான் புள்ளைக்கு வச்சா. அப்பன் வழி தேடுற சோதனை அவளை எங்க பாக்கப் போகுது? உள்ள வா, இறைச்சி அப்பம் ஆறிடும்."

வில்ஃப் அசையவில்லை. "இது எல்லாருக்கும் தெரியுமா?"

உள்ளே அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமல் வெட்டினார்கள்.

"நீ கேக்கலயேப்பா," என்றார் க்ளிஃபோர்ட், குரலை இறக்கி.

வில்ஃப் உள்ளே போனார். செயலாளராகவே நீடித்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்விக்குறியை அழித்தார். கட்டத்தை விட்டுவைத்தார். அன்று அவருக்கு வந்தது நிம்மதியா, அத்தனை வருடம் தான் ஒருவர் மட்டுமே தெரியாமல் இருந்துவிட்ட வெட்கமா, எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த மார்ச்சில் போய்விட்டார்.

நேற்று க்ளிஃபோர்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை அவன் சரத்த நீதான் சொல்லணும், மேவிஸ். இல்லன்னா நான் கதவத் திறக்கப் போறதில்ல."

நாலே பெயர்தான். பல தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஹன்னாவில் தொடங்கி ஜோ வரை சரியாக வருகிறது. அதற்கப்புறம் வரும் அவர் பெயர்தான் வர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.