மூன்று துண்டு மெத்தை

என் மகள் தூக்கத்தில் கொஞ்ச நேரம் புரளாமல் கிடந்தால் போதும், தோளைத் தொட்டு அசைத்துவிடுவேன். அவள் எரிந்து விழுவாள். விழட்டும். நான் நிறுத்தப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் மெத்தைக் கடையில் தொடங்கித்தான் சொல்லவேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, சுண்ணாம்புக்கல் ஏற்றப் போன அப்பா லாரியிலிருந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நாலு பேர் தூக்கிவந்து கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். தீபாவளிக்குள் எழுந்துவிடுவார் என்று நான் நம்பியிருந்தேன். அதற்குள் முதுகில் புண் வந்தது.

கிணற்றடி இலவமரத்துப் பஞ்சை அம்மா சேர்த்து வைத்திருந்தாள். பூச்சி அண்டாதிருக்கக் காய்ந்த நொச்சி இலையைக் கலந்து மூட்டை கட்டி, பெரம்பலூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மெத்தைக் கடையில் கொடுத்தாள். பஞ்சு நம்முடையது, துணியும் தையலும் கடைக்காரருடையது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

வந்த மெத்தை தோளில் குத்துகிறது என்றார் அப்பா. அம்மா தையலைப் பிரித்தாள். உள்ளே கலர் கலராக மில் கழிவு நூல்.

மெத்தையைச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். கடை முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை.

“எல்லாருக்கும் இதாம்மா போடறோம். படுத்துப் பழகினா சரியாப் போயிடும்.”

“அப்ப நீங்க ஒரு தடவ படுத்துக் காட்டுங்க. குத்தலன்னா தூக்கிட்டுப் போயிடறேன்.”

கடை வாசலை அடைத்து மெத்தையை விரித்தாள். என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். கல்யாணச் சீருக்கு மெத்தை வாங்க வந்த குடும்பம் ஒன்று எங்களைத் தாண்டத் தயங்கி, எதிர்க்கடைக்குப் போனது. முதலாளி அப்போதுதான் எழுந்தார். அம்மாவும் எழுந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரமாக வைத்திருந்த மெத்தையில் போய் மூக்கை வைத்தாள்.

“நொச்சி வாசம் வருது. இது எங்க வூட்டுப் பஞ்சு.”

“நொச்சி ஊரெல்லாந்தான் மொளைக்குது.”

“மொளைக்கட்டும். பிரிச்சுப் பாத்துடுவோம்” என்று இடுப்பில் செருகியிருந்த பிளேடை எடுத்தாள்.

பஞ்சு எங்கள் மூட்டைக்குத் திரும்பியது. நல்லபடியாகத் தைத்துத் தருவதாக முதலாளி குழைந்தார். “ஒங்க ஊசியே வேணாங்க” என்றாள் அம்மா. கடைக்காரர்களிடம் நியாயம் வாங்கும் வழியை அன்று நான் முழுதாகக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

மூட்டையோடு அரியலூர் பஸ் ஏறினோம். அங்கே ஒரு சின்னக் கடை. கடைக்கார பாய் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“படுக்கறது யாரும்மா?”

“இவ அப்பா.”

“பொரண்டு படுப்பாரா, ஒரே பக்கமாவா?”

காலையிலிருந்து ஒரு பேச்சுக்கும் அசராத அம்மா மூட்டையின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்துகொண்டாள். நான் முந்திக்கொண்டேன்.

“எங்கப்பா பொரளவே மாட்டாங்க பாய். வச்சது வச்சபடி இருப்பாங்க. மெத்த கசங்கவே கசங்காது.”

அப்பாவைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னேன். பாய் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், “ஒரே மெத்தையா வேணாம்மா. மூணு துண்டாத் தச்சுத் தரேன். நனைஞ்சா நடுத்துண்ட மட்டும் உருவி மாத்திக்கலாம், ஆளத் தூக்க வேண்டியதில்ல” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பஞ்சையும் வாங்கிக்கொண்டு துண்டு துண்டாகத் தருகிறாராம். பெரம்பலூர்க்காரராவது ஒரே மெத்தையாகத் தந்தார். நான் நேராக வாசலுக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

“முழு மெத்த தராம எழுந்திரிக்க மாட்டேன்.”

பாய் கோபப்படவில்லை. “ஒக்காரு தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டு அளவு நாடாவைத் தேடினார். அம்மா அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளும் என் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து, வழியை இன்னும் நன்றாக அடைத்து உட்கார்ந்தேன்.