மலை மைனா எங்கே என்று கேட்டவர்

ஈஸ்டர் விடுமுறைக்குள் ஒரு பறவைப் பயணம் போய்விட வேண்டும் என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அவர் சொந்த வேனை வாடகைக்கு ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் கெமராவும் பறவையும் என்றால் சோறு வேண்டாம். பண்டாரவளை, அப்புத்தளை வழியாக கொஸ்லந்தவுக்கு இறங்கி, வெல்லவாயவில் தங்கி, திரும்பும்போது எல்ல வழியாக ஏறி, பசறைப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு. சாப்பாட்டு மேசையில் போனை வைத்து வரைபடத்தைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆசை கொஸ்லந்தவில்தான் இருந்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மாவின் மகள் இருக்கிறாள். அவள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பட்டுப்போன ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் மலை மைனாக்கள் போய் வருவதைப் பார்த்தோம். அன்று கெமரா கையில் இல்லை.

பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் இந்தப் பயணத்தைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே ஒருவர், நானும் வரலாமா என்று கேட்டார். வெலிமடையில் விதைக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். என் கணவர் யோசிக்காமல் சரி என்றார். நான் அந்த ஆள் குழுவில் போட்டிருந்த படங்களைத் தேடிப் பார்த்தேன். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, புள்ளிப்புறா. நல்ல படங்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே மதில், ஒரே கம்பி, ஒரே உயரம். காட்டுக்குள் போய் எடுத்தது ஒன்றுகூட இல்லை. பறவைக்காக அலைகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்குக் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. வேன் அந்த மரத்துக்கு எவ்வளவு கிட்டப் போகும் என்று முதலில் கேட்டார். மறுநாள், பொந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். அடுத்ததாக, பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறதா, விடியற்காலையில் அங்கே ஆள் நடமாட்டம் உண்டா என்றார். எந்த நேரத்தில் மைனா வரும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்றும் கேட்கவில்லை. படம் எடுப்பவன் கேட்கிற கேள்விகள் அவைதான்.

மலை மைனாக் குஞ்சைப் பறக்கத் தொடங்கும் முன் எடுத்து வளர்த்தால் மனிதக் குரலில் பேசும். அதற்காகவே பொந்தை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போன வருஷம் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் பார்த்து வைத்திருந்த பொந்தை, அடுத்த தடவை போனபோது கோடரியால் வெட்டித் திறந்திருந்தார்கள். வெட்டு இன்னும் காயாமல் வெள்ளையாக இருந்தது. கெமராவோடு யாரோ வந்து நன்றாகப் பேசிவிட்டுப் போனதாக லயத்தில் சொன்னார்கள்.

கொஸ்லந்தப் பக்கம் என்று மட்டும் பதில் போட்டேன். எந்தத் தோட்டம் என்றார். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு அவர் அனுப்பிய பதிவைக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன்.

"இடத்தச் சொன்னீங்கன்னா, நான் முன்னாடியே ஒருக்கா தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்திருவேன் டீச்சர்."

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டேன். எனக்குக் காண்கிற ஆளெல்லாம் கள்ளனாகத் தெரிவதாக என் கணவர் சொன்னார். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மரக்கறி வாங்குகிற சாக்கில் என்னை வெலிமடைக்குக் கூட்டிப்போனார். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்திருந்தேன்.

கடை பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. விதைப் பைக்கற்றுகள், மருந்தடிக்கிற டாங்கிகள், உருளைக்கிழங்கு மூட்டைகள். உள்பக்க வாசலுக்கு மேலே ஒரு கம்பிக் கூண்டு தொங்கியது. நான் கணவரின் முழங்கையை இடித்தேன். நாங்கள் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கையைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். தேடி வந்த ஆட்களுக்கு எழுந்து நிற்காத மனிதரை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கூண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார். எலித் தொல்லை, பூண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். பூண்டுதான். முதலில் என்ன அடைத்து வைக்க அதை வாங்கினார்களோ என்று அப்போதும் நினைத்தேன்.

திரும்பி வந்து உட்காரவில்லை.

"அண்ணே, நேராவே கேக்குறேன். அந்தப் பொந்து எங்க இருக்குன்னு தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் கறுத்தது. தேநீரோடு வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலக் காட்டுங்களேன்," என்றார் அந்த அம்மா.

அவர் காற்சட்டையின் ஒரு பக்கத்தை மேலே இழுத்தார். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகும்போது லொறி புரண்டதாம். அதற்குப் பிறகுதான் கெமரா. வீட்டுப் பின்புறத்தில் கதிரையைப் போட்டு, மதிலில் வந்து உட்கார்வதை எடுப்பார். முன்பு ஒரு கூட்டத்தோடு போகக் கேட்டு, காலைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் எங்களிடம் மறைத்திருக்கிறார்.

"இறக்கத்துல எனக்கு நடக்க வராது டீச்சர். அண்ணாந்து பார்த்தா சரிஞ்சிருவேன். விழுந்தா தூக்கி விட ஆளும் வேணும். அதான் அதெல்லாம் கேட்டேன். முடியாதுன்னா முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு நின்னுக்கலாம்னு பார்த்தேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தேநீரைக் குடித்தேன். பயணத்தில் அவருக்கு முன் சீட்டு என்று என் கணவர் அங்கேயே முடிவு செய்தார். ஆனால் திரும்பி வரும்போது, தியத்தலாவை தாண்டியதும், கால் இல்லாதவர் ஆள் வைத்துக் குஞ்சு எடுக்க மாட்டாரா என்று கேட்டுவிட்டேன். என் கணவர் பதுளை வரைக்கும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

பயணம் போனோம். கொஸ்லந்த வந்து சேரும்வரை இடத்தைச் சொல்லாமல், பின்னால் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு வழி மட்டும் காட்டினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மரம் தோட்டத்து ரோட்டுக்குக் கீழே நின்றதால் பொந்து வேன் ஜன்னலுக்கு நேராகவே இருந்தது. அவர் போஞ்சி விதை நிரப்பித் தைத்த ஒரு சின்னப் பையை ஜன்னலில் வைத்து, அதன் மேல் கெமராவைச் சாய்த்தார். மைனா ஒரு பழத்தோடு வந்தது. கறுத்த இறகில் வெள்ளை பளிச்சிட்டது. பின்தலையில் மஞ்சள் மடல் தொங்கியது. முதல் தடவை அவர் அழுத்தவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது போய் மறுபடி வந்தபோதுதான் படம் எடுத்தார்.

கொழுந்து நிறுக்கப் போன பெண்களில் ஒரு அம்மா வேனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு எங்க லயத்துப் பக்கமா கெமராவத் திருப்பி வச்சிருக்கீங்க?"

பறவை எடுக்கிறோம் என்றார் என் கணவர். அந்த அம்மா நம்பவில்லை. முன்பும் இப்படித்தான் சிலர் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு காணி அளக்க வந்தார்களாம். வெலிமடைக்காரர் கெமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினார். குனிந்து பார்த்த அந்த அம்மா, மைனா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வேனுக்கு முன்னால் போய் நம்பர் தகட்டைத் தன் போனில் படம் எடுத்தார்.

"குஞ்சு காணாமப் போச்சுன்னா இத வச்சுத் தேடி வருவோம்."

"எடுத்துக்கங்க தங்கச்சி. என் போன் நம்பரும் தர்றேன்," என்றார் வெலிமடைக்காரர்.

அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா போனில் பதிந்துகொண்டார். அதோடு விடாமல் அங்கேயே நின்று அந்த நம்பருக்கு அழைத்தார். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்த பிறகுதான் வேனுக்கு வழிவிட்டார்.