நாற்பத்தாறாவது நாள்

எங்கள் வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். என் கணவர் சபரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டுவேன். லெப்பைக்குடிக்காட்டில் சபர் என்றால் வெளிநாட்டு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, லீவுக்கு நாற்பத்தைந்து நாள், நாளுக்கு ஒரு வரி. முதலில் பள்ளிவாசல், அப்புறம் அவருடைய அத்தாவை அடக்கிய கபுர், அப்புறம் அரியலூரில் கட்டிக் கொடுத்த நாத்தனார் வீடு. அங்கே போகுமுன் என் அண்ணன் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டோம் என்று தெரிந்தாலும் போச்சு, நாத்தனார் இரண்டு வருஷத்துக்கு முகம் கொடுக்க மாட்டாள். அதனால் வரிசையில் நான் ரொம்பக் கண்டிப்பு.

நாற்பதாவது வரி எப்போதும் ஒன்றுதான்: "நாம மட்டும், சும்மா ஒரு நாள்." இருபது வருஷம், பத்து லீவு, பத்துத் தாளிலும் அந்த வரி இருந்தது. ஒரு தடவைகூட அதற்குக் கோடு போட்டதில்லை. அதற்குள் பயண வாரம் வந்துவிடும். முறுக்குச் சுடணும், பருப்புப்பொடி இடிக்கணும், கருவாடு வறுத்துக் கட்டணும், எலுமிச்சை ஊறுகாய் போடணும். ஊறுகாயை நான் அந்தக் கடைசி வாரத்தில்தான் போடுவேன். அப்போதுதான் அங்கே போய்ப் பதமாக ஊறும், பத்துப் பேர் படுக்கும் அந்த அறையில் ஒரு மாதம் தாங்கும். எல்லாம் அவருக்கே கட்டி அனுப்பிவிடுவதால் என் கை ஊறுகாய் ஊறின பிறகு எப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

இந்தத் தடவை அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். வேலையை முடித்துக்கொண்டு, அறைத் தோழர்களிடம் கைகுலுக்கிவிட்டு, பிளஸ் ஒன் படிக்கிற மகளோடு கொஞ்ச நாளாவது ஒரே கூரையில் இருக்கணும் என்று வந்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? தாளை எடுத்தேன், நாற்பத்தைந்து வரி எழுதினேன், ஒட்டினேன். ஒரேயடியாக வந்த மனுஷனுக்கு எதற்கடி நாற்பத்தைந்து என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. அவருக்கும் இல்லை. முதல் நாள் சாயங்காலமே அதைப் படித்துப் பார்த்து, "பெரம்பலூர் பல் டாக்டர முன்னாடி போட்ரு புள்ள, வலி தாங்கல" என்றார். அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்து பெரம்பலூருக்கு ஆட்டோ கிடைக்காமல் தெருவில் நின்றேன். அன்றைக்கு வந்த கோபத்தில் நானே பழகினது. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். வந்தால் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துவிடுவேன். பிறகு தெருப் பெண்கள் கேட்டார்கள். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வெள்ளாற்றுப் பக்கம் இருக்கிற திடலுக்கு வந்துவிடுவார்கள். பர்தாவைச் சக்கரத்தில் மாட்டாமல் எப்படிச் சொருகுவது என்பதுதான் முதல் பாடம். எல்லோருடைய கணவன்மார்களும் கடலுக்கு அப்பால்தான். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட ஓட வீட்டில் ஓர் ஆள் கிடையாது. அந்த ஆள் நான்தான்.

ஆனால் அவர் லீவில் வந்தால் எனக்கும் லீவு. நாற்பத்தைந்து நாள் வகுப்புக் கிடையாது. இந்தத் தடவையும் நிறுத்தினேன். பழகிக்கொண்டிருந்த ஐந்து பேரும் வாசலில் வந்து, "அக்கா, மச்சான் ஒரேயடியா வந்துட்டாங்களே, இனி அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். "பொறுங்கடி, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று விரட்டிவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டில் அவர் விருந்தாளி மாதிரிதான் இருந்தார். அங்கே டிரைலர் லாரி ஓட்டினவர், முரட்டு ஆளாக இருப்பார் என்று நினைப்பீர்கள். அப்படியொரு சாது. எழுந்ததும் போர்வையை நாலாக மடித்துத் தலையணை மேல் வைப்பார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். பிரிட்ஜைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்ப்பார். துணியெல்லாம் சூட்கேஸிலேயே இருந்தது. பீரோவில் அவருக்கு ஒரு தட்டுக்கூட இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. மகள் மட்டும் ஒருநாள் கேட்டாள், "அத்தா, ஏன் எப்பவும் பெட்டியிலேருந்தே சட்டைய எடுக்கிறீங்க?" "பழகிடுச்சும்மா" என்றார்.

முப்பத்தொன்பதாவது நாள் சந்தையில் எலுமிச்சை நன்றாக இருந்தது. வாங்கினேன். நறுக்கினேன். உப்புப் போட்டுக் குலுக்கி ஜாடியில் அடைத்தேன். மறுநாள் முறுக்கு மாவு பிசைந்தேன். அதற்கடுத்த நாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மளிகைக் கடையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றும் நைலான் கயிறும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு லீவிலும் அது அவள் வேலை. பெட்டி கூடத்து மூலையில் உட்கார்ந்தது. என் கை அதுபாட்டுக்குச் செய்தது, அவள் கால் அதுபாட்டுக்கு நடந்தது. ரெண்டு பேருக்கும் மண்டையில் உறைக்கவே இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டாவது நாள் மத்தியானம் அவருடைய பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். ஆள் பற்றவில்லையாம், அதே வண்டி, அதே அறை, வந்தால் உடனே விசா. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "சரி சார், வரேன்" என்று அவர் சொன்னது கேட்டது. அடுப்படிக்கு வந்து, "அடுத்த மாசம் வரச் சொல்றாங்க புள்ள" என்றார். வந்து ரெண்டு மாசம் முடியல, அதற்குள் வீடு கசந்துபோச்சா?

ஆனால் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் சபருக்குக் கிளம்புகிறவரிடம் போகாதீங்க என்று சொல்லக் கூடாது. சொன்னால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். அழுகிறவள் அடுப்படியில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வரணும். பத்துத் தடவையும் நான் அப்படித்தான் வந்தேன். இந்தத் தடவையும் "ம்" என்றேன். மூன்று நாளைக்கு அந்த அடுப்படியில் ஒரு பாத்திரம் தப்பவில்லை, அத்தனையையும் தடால் தடால் என்று வைத்தேன். மகள் காதைப் பொத்திக்கொண்டு படித்தாள்.

நாற்பத்தாறாவது நாள் காலை சுபுஹு தொழுததும் நேராகத் திடலுக்குப் போய்விட்டேன். வழக்கமாக அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் அப்படித்தான் போவேன். ஐந்து பேரும் போனில் ஒருத்திக்கொருத்தி சொல்லி ஓடி வந்தார்கள். ஒருத்தி பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரைத் திருக, கருவேலம் புதருக்குள் போய் நின்றது வண்டி. "கண்ண வூட்டுல வச்சுட்டு வந்தியாடி?" என்று கத்தினேன். கத்தியதில் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்தத் திடலுக்காக என் மனசு ஏங்கிக் கிடந்தது. அவர் வேண்டும், இதுவும் வேண்டும். ரெண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து திரும்பினால், திடலுக்கு வெளியே சுவர் ஓரமாக அவர் நிற்கிறார். பெண்கள் இருக்கும் இடத்துக்கு வரக் கூச்சம். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து, "எனக்கும் ஒரு தடவ குடு, ஓட்டிப் பாக்குறேன்" என்றார். இருபது சக்கர வண்டி ஓட்டின ஆள். சாவியைக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தேன்.

மெயின் ரோடு ஏறினோம். ஏறினதும் வலது பக்கமாகவே போகிறார். வெளிநாட்டில் அவர் இருந்த இடத்தில் வலதில்தான் ஓட்டணும், இருபது வருஷம் அந்தப் பக்கம் ஓட்டின கை. "இடதுல போங்க மச்சான், இடதுல!" என்கிறேன், "ஆமா ஆமா" என்கிறார், வண்டி வலதிலேயே போகிறது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு வருகிறது. யா அல்லாஹ் என்று நான் போட்ட கூப்பாட்டில் அவர் ஹேண்டிலை ஒடித்தார். வண்டி மண்ணில் இறங்கிச் சோளக்கொல்லை ஓரமாக நின்றது. லாரி போன புழுதியில் ரெண்டு பேரும் வெள்ளையடித்த மாதிரி நின்றோம்.

எனக்கு வந்ததே கோபம். "போற ஆளுக்கு எதுக்கு இந்த வண்டி? இந்த ரோட்டுல ஓட்டி என்னத்துக்கு ஆகப்போவுது? போயி அந்தப் பக்கமே ஓட்டுங்க!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதான புள்ள என்னைய அனுப்ப ரெடி பண்ணுன."

"நானா? எப்ப?"

"ஊறுகா போட்டியே. முறுக்கு சுட்டியே. அட்டப்பெட்டி வந்துச்சு, கயிறு வந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "சரி, ரெண்டு பேருக்கும் நான் இல்லாமத்தான் சௌகரியம்போலன்னு நெனச்சேன். தப்பு சொல்லல. நீங்க பழகிட்டீங்க. வகுப்ப வேற நிறுத்திட்டு ஒக்காந்திருக்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அடுப்படி இல்லை, நடுரோடு. ஒரு டவுன் பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டு போகிறது. பார்க்கட்டும்.

"ஐயோ, அது நான் போடல மச்சான், என் கை போட்டுச்சு. நாப்பது நாளாச்சுன்னா எலுமிச்ச வாங்கிடுது. இருவது வருஷமா அதுக்கு அது ஒண்ணுதான தெரியும்!" மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "போகாதீங்க."

இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை முதல் தடவையாகச் சொன்னேன். ஒரு தடவை வந்ததும் நிற்கவில்லை. "போகாதீங்க மச்சான். வகுப்புக்கு நான் தினம் வருவேன், அத வுட மாட்டேன். நான் வர்றதுக்குள்ள நீங்க புள்ளைய பஸ் ஏத்துங்க, இட்லி ஊத்துங்க, கருகினாப் பரவால்ல. ஆனா போகாதீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். நாலு நாளில் சொல் மாறுகிறோமே என்று கூசிக்கொண்டேதான் நம்பரை அழுத்தினார். "சார், மன்னிச்சுக்கங்க. வர முடியாது சார். வூட்டுல வேல இருக்கு" என்றார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் பின்னாலிருந்து, "இடது, இடது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் நடுத்தட்டிலிருந்த என் புடவைகளை வாரி மேலே போட்டேன். சூட்கேஸைத் திறந்து அவர் சட்டைகளை அந்தத் தட்டில் அடுக்கினேன். மகள் அட்டைப்பெட்டியைக் காலால் மிதித்து மடித்தாள். கதவிலிருந்த தாளைக் கிழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு பேனாவை எடுத்து, நாற்பதாவது வரியை மட்டும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். "இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். "முதல்ல" என்றேன்.

காலைச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம்தான் இருந்தது. ஜாடியைத் திறந்து ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டதும் முகம் கோணிவிட்டது. தோல் கல் மாதிரி, ஒரே கசப்பு.

"இன்னும் ஊறலியே மச்சான்" என்றேன்.

"ஊறட்டும் புள்ள" என்றார். மென்றுகொண்டே ஜாடியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் சாப்பிடலாம்" என்றார்.