மைக்கில் நான் பேசிய பேச்சு

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்த அந்த ஆர்ப்பாட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் உரக்கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அமெரிக்காவிலிருந்து நம் ஆட்களைக் கையில் விலங்கு மாட்டி அனுப்பியதை டிவியில் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. படிக்கப் போன பிள்ளைகளின் விசாவைக்கூட ரத்து செய்கிறார்களாம். யாரோ மைக்கை நீட்டினார்கள். வாங்கி, தொண்டை கட்டும்வரை அந்த அரசாங்கத்தைத் திட்டினேன்.

என் மகளும் அங்கேதான் எம்.எஸ். படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள், நான்கு நாளில் திருச்சியில் விமானம் ஏற வேண்டும். அவளுக்காகவும்தான் பேசினேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க? பேஸ்புக்ல வீடியோ வந்திருக்கு. 'மகள் அமெரிக்காவில் படித்தாலும் துணிந்து பேசிய தந்தை'ன்னு என் பேரையும் சேத்துப் போட்டுருக்காங்க."

"நம்ம ஊருல பேசுனதை அங்கிட்டு யாரு ஆத்தா பாக்கப் போறா?"

"பாக்குறாங்கப்பா. என்கூடப் படிச்ச பொண்ணோட போனை ஏர்போர்ட்லயே வாங்கிப் பாத்துட்டு, அடுத்த பிளைட்ல திருப்பி அனுப்பிட்டாங்க. எதுக்குன்னு அவளுக்கே இன்னும் தெரியலை."

வண்டியை எடுத்துக்கொண்டு வீடியோ போட்டவனின் மோட்டார் ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

"எதுக்குண்ணே பயப்படுறீங்க? நாம தப்பா ஒண்ணும் பேசலையே!" என்றான்.

"தப்பில்லைதான்ப்பா. எடுத்துரு."

அவன் தயங்கினான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கால்ல வேணாலும் விழுறேன்" என்றேன். பதறிப்போய் உடனே அழித்தான். ஆனால் அதற்குள் பலபேர் பகிர்ந்திருந்தார்கள். இரண்டு நாள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். எல்லாரும் அழித்துவிட்டதாகத்தான் சொன்னார்கள். யாருடைய போனில் இன்னும் இருக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?

ஏர்போர்ட் வாசலில் மகள் சொன்னாள்: "உள்ள பிடிச்சு வச்சா போன் பண்ண விடமாட்டாங்க. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் சாயங்காலம், நம் நேரப்படி நாலரைக்கு, அவள் விமானம் இறங்கிவிட்டது. ஐந்தரை ஆகியும் அவளுக்குப் போன் போகவில்லை. கடையில் யூரியா கேட்டவருக்கு நான் பொட்டாஷைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். "ஒடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டார். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆறரைக்குக் கூப்பிட்டாள். "வெளிய வந்துட்டேன்ப்பா. என்ன படிக்கிறேன்னு மட்டும்தான் கேட்டாங்க. லைன்தான் பெருசா இருந்துச்சு." எதிரே நின்ற மனைவியிடம், வெளியே வந்துவிட்டாள் என்று தலையசைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள். "படிப்பு முடியிற வரைக்கும் நான் வரலைப்பா. அண்ணன் கல்யாணம் வச்சாலும் வர மாட்டேன். இன்னொரு தடவை அந்த லைன்ல நிக்க என்னால முடியாது."

"வராதே ஆத்தா. அங்கிட்டே இரு" என்றேன்.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பெத்த பொண்ணைப் போயி வராதேங்கிறீங்களே" என்றாள். போனை அவள் கையில் கொடுத்தேன்.