தப்பாகச் சொன்னால் ஓடி வருவார்கள்

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலால் போனைக் குத்துகிறார் வாஷிங் மெஷின் மெக்கானிக். "இந்த மாடலில் தண்ணீர் இறங்காவிட்டால் மோட்டாரை மாற்றவேண்டியதுதான். வேறு வழி கிடையாது." சுத்தப் பொய். அவருக்கே தெரியும். பழுது பார்ப்பவர்கள் பல்லாயிரம் பேர் அடைந்துகிடக்கும் பேஸ்புக் குழுவில் அதைப் போட்டுவிட்டு டீயை ஆற்றுகிறார். டீ ஆறுவதற்குள் ஏச்சு வந்துவிடும். "யோவ், உன் கையில யாருய்யா ஸ்குரூ டிரைவர் குடுத்தது? பம்பைக் கழட்டிப் பாருய்யா!" அதற்கு ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு, பம்பைக் கழற்றப் போய்விடுவார்.

"கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். தப்பா சொல்லிப் பாரு, பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடி வருவான்." இதுதான் அவர் படித்த படிப்பு. முன்பெல்லாம் ஒரு சந்தேகம் தீர நாலு கடை ஏறி இறங்கவேண்டும்; தொழில் ரகசியம் என்று எல்லோரும் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். இப்போது முகம் தெரியாதவன் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, படம் பிடித்து, அம்புக்குறி போட்டுச் சொல்லித் தருகிறான். கூடவே முட்டாள் என்கிறான். "சொல்லிட்டுப் போகட்டுமே, உடம்புல ஒட்டிக்கவா போகுது?"

ஒட்டியது மனைவிக்கு. அவள் தம்பியும் அதே குழுவில் இருக்கிறான். "ஊரே உங்கள முட்டாள்ங்குது. அவன் எனக்குப் போன் போட்டுச் சிரிக்கிறான். இனிமே தப்பா எழுதுனீங்க, உங்ககூடப் பேசவே மாட்டேன்." மனிதர் சத்தியம் செய்துகொடுத்தார். அவரை வேவு பார்க்க அவளும் குழுவில் சேர்ந்தாள்.

மறுவாரமே மேல்மாடிப் பெண்ணின் மெஷின் நடுவில் நின்று, கதவைப் பூட்டிக்கொண்டது. மெக்கானிக் கண்ணால் பார்த்திராத மாடல். இரட்டைக் குழந்தைகளின் துணி அத்தனையும் உள்ளே. உடுத்த வேறு துணியில்லாமல் குழந்தைகள் இரண்டும் தலையணை உறைக்குள். ஒன்றை மெக்கானிக்கின் மனைவி தூக்கி வைத்திருந்தாள்.

மெக்கானிக் நல்லபிள்ளையாக எழுதினார்: "இந்தக் கதவை எப்படித் திறப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்." மூன்று பேர் கும்பிட்டார்கள். ஒருவர் பூங்கொத்து அனுப்பினார். பதிலைத்தான் காணோம்.

ஒரு குழந்தை தும்மியது. இன்னொன்று, மனைவியின் தோளிலேயே உறையை நனைத்தது.

"மாத்த ஒரு துணி இல்லண்ணே," என்றாள் தாய்க்காரி, அழாத குறையாக.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, தன் போனை எடுத்து, தன் பெயரிலேயே தட்டிவிட்டாள்: "இந்த மெஷின் பூட்டிக்கொண்டால் சுத்தியலால் கதவுக் கண்ணாடியை உடைப்பதுதான் முறை."

போன் துள்ளியது. தம்பிதான் முதலில். "அக்கா! உனக்கெதுக்கு இந்த வேலை?" அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொருவன் வந்தான். "அறிவிருக்கா? மேல் மூடியக் கழட்டு, இடது ஓரத்துல ஒரு வெள்ளைக் கயிறு இருக்கும், இழு. முட்டாள்!"

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை மேல்மாடிப் பெண்ணிடம் நீட்டினார். "நீயே கழட்டும்மா." மனைவியின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் குத்தத் தொடங்கினார்: "எவன்டா அது, என் பொண்டாட்டிய முட்டாள்ங்கிறது?"